அப்பா ஒருவழியாக ஓர் ஆளைக் கீழே போட்ட கதை

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அது வழக்கம் போல யார் பேச்சையும் கேட்காமல் தனிக் கட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாமல், சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பித்தானே ஆக வேண்டும், எட்டிப் பார்க்கிற தூரத்திலா இருக்கிறாய். போனில் சொன்னால் போதாதா, எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதை நீட்டிக்கொள்கிறார், அவர் கதையை அவரை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வது? அதனால்தான் அவர் வேனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் அவருடைய பிளாக் பெல்ட் பரீட்சை. ஜெயித்தாரா தோற்றாரா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உன் குணம் எனக்குத் தெரியும், ஒழுங்காக முதலிலிருந்து படி.

அப்பா ஜூடோவுக்குப் போகிறார் என்று உனக்குத் தெரியும், எப்படிப் போனார் என்று தெரியாது. நீ கிளம்பிப் போன பிறகு வீடு வெறிச்சோடிப் போய்விட்டதா, லீவு நாள் வந்தால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது, ஊரார் வீட்டுச் சாமானை மாற்றியது போதாதென்று நம் வீட்டுச் சாமானையே இடம் மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தார். நான் பல் துலக்கிவிட்டு வந்தால் ஃபிரிட்ஜ் ஹாலில் நிற்கும். ஒருநாள் நான் படுத்திருந்த கட்டிலையே என்னோடு சேர்த்து ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்திவிட்டார், எனக்குத் தூக்கம்கூடக் கலையவில்லை, அதுதான் அவர் வேலையின் சுத்தம். அந்தச் சமயத்தில்தான் ஜூடோ பள்ளிக்காரர்கள் பஸ் ஷெட்டுக்கு மேல் மாடிக்கு மாறுகிறார்கள், சாமான் ஏற்றி இறக்கித் தர வேண்டும் என்று நமக்குப் போன் வந்தது. போனை எடுத்தது நான், தேதி கொடுத்தது நான், ஆக எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நான்தான் என்று உன் அப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். விழுந்து பழகத் தரையில் விரிக்கிற தடித்த விரிப்பு, மேட் என்பார்கள், அதையெல்லாம் மாடியேற்றிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றவர் கண்ணில், ஒருத்தர் இன்னொருத்தரை முதுகில் தூக்க முடியாமல் திண்டாடுவது பட்டிருக்கிறது. வாய் சும்மா இருக்குமா? “முதுகை வளைக்காதீங்க, முழங்காலை மடக்குங்க”ன்னு சொல்லிவிட்டு, அந்த ஆளை அப்படியே அலாக்காகத் தூக்கிக் காட்டிவிட்டார். அங்கே மாஸ்டர் ஒரு பொம்பளை, பகலில் பேங்க் கவுன்டரில் வேலை, என்னைவிடச் சின்னவள், ஊதினால் பறந்துவிடுவாள் போல இருப்பாள், சத்தமே போட மாட்டாள். அவள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நாளைலேருந்து வாங்க சார், சும்மா வாங்க”ன்னு சொல்லிவிட்டாளாம். வந்து என்னிடம் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

வெள்ளை, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொரு பெல்ட்டாக வாங்கிப் பிரவுன் பெல்ட் வரை விறுவிறு என்று வந்துவிட்டார். தூக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிளாக் பெல்ட்டில் வந்துதான் வண்டி படுத்துக்கொண்டது. அந்தப் பரீட்சையில் தூக்கினால் போதாது பாப்பா, எறிய வேண்டும். எதிராளி முதுகு மேட்டில் படார் என்று விழ வேண்டும், வேகம் வேண்டும், பலம் வேண்டும், அப்போதுதான் மதிப்பெண். உன் அப்பாவோ ஆயுசு முழுக்க வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவர், இதுவரை ஒரு டம்ளரைக் கீழே போட்டதில்லை. கையில் எது ஏறினாலும் அதைப் பத்திரமாக இறக்கி வைத்தால்தான் அந்தக் கைக்கு நிம்மதி. முதல் தடவை பரீட்சையில் என்ன நடந்தது என்று உனக்கு அவர் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. பரீட்சகருக்கு உடம்பு சரியில்லாமல் தள்ளிப்போட்டார்கள் என்று சொன்னார் அல்லவா, சுத்தப் பொய். எதிராளியை ஜம்மென்று தோளில் ஏற்றினார், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், இவர் அந்த ஆளைச் சுமந்துகொண்டே பரீட்சகர் பக்கம் திரும்பி, “சார், எந்தப் பக்கம் வைக்கட்டும்?” என்று கேட்டார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டார். இரண்டாவது தடவை மாஸ்டர் வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினாள். வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஆளை இறக்குவதற்கு முன் தரை சமமாக இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் குந்தி, கழுத்துக்கடியில் கை கொடுத்துப் படுக்க வைத்தார். அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தான். பரீட்சகர்கள் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவரோடு வண்டியில் ஏறுகிற வரைக்கும். வீட்டுக்கு வருகிற வழியில் வண்டி நின்ற இடத்திலெல்லாம் அவர் இடுப்பிலிருந்த பிரவுன் பெல்ட்டையே குனிந்து பார்த்துக்கொண்டார் பாப்பா. எலும்பு டாக்டர் வேறு, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக மூன்றாவது தடவைதான் கடைசி, அதில் போனால் போனதுதான். இத்தனை வயசுக்கு மேல் எதற்குங்க உங்களுக்கு ஒரு கறுப்புத் துணி, நான் கிழித்துத் தைத்துக் கொடுக்கிறேனே என்று சமாதானமாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேள். “எல்லாப் பொருளும் அடுத்தவங்க வீட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போயிருக்கேன். எனக்குன்னு ஒண்ணு நான் சம்பாதிச்சு நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வரணும்னு ஆசையா இருக்கு”ன்னார். அதற்கப்புறம் நான் கிண்டலை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். எப்பாடுபட்டாவது இந்த மனுஷனுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

மாஸ்டர் வீட்டுப் பாடம் கொடுத்தாள், தினமும் ஏதாவது ஒன்றைக் கீழே போட்டுப் பழகச் சொன்னாள். சுலபம்தானே என்று தலையணையில் ஆரம்பித்தோம். தலையணையைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறார், நிற்கிறார், கடைசியில் குனிந்து வைத்துவிட்டு ஓரத்தைத் தட்டிச் சரிசெய்கிறார். சரி, ஒரு எவர்சில்வர் டம்ளரைப் போடுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது என்றேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விட்டார், விட்டதும் காலை நீட்டிப் பாதத்திலேயே பிடித்துவிட்டார். ஓரம் உடைந்த பழைய பூந்தொட்டி ஒன்று கொல்லைப்புறத்தில் கிடந்தது, இதையாவது போட்டு உடைத்துவிட்டு வாங்க என்று அனுப்பினேன். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் உடைந்த இடத்தைச் சிமென்ட் வைத்துப் பூசிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தொட்டியை நானே தூக்கிப் போட்டு உடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொருளாக இருந்தால்தான் மனசு வரவில்லை போலிருக்கிறது, ஆளை வைத்துப் பழகலாம் என்று நானே களத்தில் இறங்கினேன். சிரிக்காதே. மாஸ்டர் எனக்கு விழக் கற்றுக் கொடுத்தாள், தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு தொடுகிற நேரத்தில் கையால் மேட்டை ஓங்கி அறைய வேண்டும், அறைகிற கை அடியை வாங்கிக்கொள்ளும், உடம்பு தப்பிக்கும். சமையலுக்கு நடுவில் கட்டில் மெத்தையைத் தரையில் போட்டு அறைந்து அறைந்து பழகினேன், கை சிவந்துபோயிற்று. ஆனால் அறைவதற்கு ஒருநாளும் சந்தர்ப்பம் வந்ததில்லை. சட்டைக் கையைப் பிடிப்பார், காலரைப் பிடிப்பார், முதுகில் ஏற்றுவார், அங்கே மேலே இருந்து பார்த்தால் அலமாரித் தூசியெல்லாம் தெரியும், பிறகு பூ மாதிரி இறக்கி வைத்துவிட்டு, கழன்ற கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டி விடுவார். தினமும் எனக்குச் சவாரிதான் நடந்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்துமிருந்தது, அது வேறு விஷயம்.

சரி, கோபம் வந்தால் எறிவார் என்று நினைத்தேன். உப்பில்லாமல் சமைத்துப் போட்டேன், உடம்புக்கு நல்லது என்று சாப்பிட்டார். வேன் சாவியை ஒளித்து வைத்தேன், நடந்தே போய்விட்டு வந்தார். நாள் பூராவும் கரித்துக் கொட்டினேன், உனக்கு உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இப்படிப்பட்ட மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று ஒன்று ஞாபகம் வந்தது. அவருக்குக் கோபம் வருகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் மாற்றியதில் எங்கள் சாமான் உடைந்துவிட்டது என்று யாராவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான், காது சிவந்துவிடும். முன்பு ஒரு வீட்டுக்காரர் மேஜையில் கீறல் விழுந்துவிட்டது என்று சொன்னபோது, டார்ச் எடுத்துக்கொண்டு போய், கீறலுக்குள் இருந்த பழைய அழுக்கைக் காட்டி, அந்த ஆள் மன்னிப்புக் கேட்கும் வரை மேஜைக்கடியிலிருந்து வெளியே வரவில்லை.

பரீட்சையில் இவருக்கு ஜோடி யார் தெரியுமா, நம் தெரு முனை ரொட்டிக்கடைக்காரர்தான், ஆள் மலை மாதிரி இருப்பார், எல்லாரும் கூப்பிடுவது குட்டி என்று. அவரும் அங்கேதான் ஜூடோ படிக்கிறார். உன் அப்பாவுக்கு ஜோடியாகப் போக அங்கே போட்டா போட்டி, ஏனென்றால் வலியே கிடையாது, படுக்க வைத்துவிடுவார். நான் ரொட்டி வாங்குகிற சாக்கில் குட்டியைத் தனியாகப் பிடித்து, போன வருஷம் நாங்கள் உங்கள் வீட்டை மாற்றிக் கொடுத்தோமே, அதில் கண்ணாடி பீரோவின் கால் உடைந்துவிட்டது என்று பரீட்சையில் அவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்றேன். குட்டிக்கு மாவு ஒட்டியிருந்த முகம் இன்னும் வெளுத்துவிட்டது. “அக்கா, அவர் கையில விழுறது தொட்டில்ல படுக்கிற மாதிரி. கோபப்படுத்திட்டு விழச் சொல்றீங்களே, எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க”ன்னார். கடைசி பட்சமாகத்தான், வேறு வழியே இல்லாவிட்டால்தான் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். பார்க்க வந்தவர்களோடு உட்கார்ந்திருக்கிற நான் தலையை ஆட்டினால் சொல்ல வேண்டும் என்று பேச்சு.

பரீட்சை நாளன்று மாடியில் மேஜையும் பெஞ்சும் போட்டு வெளியிலிருந்து மூன்று பரீட்சகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடிக்காரர், சிரிப்பென்றால் கிலோ என்ன விலை என்று கேட்பவர் போல. பார்வையாளர்களுக்குப் படிக்கட்டு மாதிரி பலகை, நான் முதல் வரிசை. இவருக்கு முன்னால் ஒரு காலேஜ் பெண் வந்தாள், டமால் டமால் என்று எறிந்தாள், கண் மூடித் திறப்பதற்குள் பாஸ். பிறகு உன் அப்பா. பிடிகளெல்லாம் அழகு, பெயர்களெல்லாம் தப்பில்லாமல் சொன்னார், தரையில் போட்டு அமுக்குவதில் முழு மதிப்பெண், அமுக்குவது அவருக்குக் கைவந்த கலை, எத்தனை சூட்கேஸை மூடியிருக்கிறார். எறிதல் வந்தது. முதல் தடவை குட்டியைத் தூக்கினார், இறக்கி வைத்தார். கண்ணாடிக்காரர் இன்னொரு தடவை என்றார். மறுபடி தூக்கினார், “பார்த்து, பார்த்து, மெதுவா”ன்னு தன்னையறியாமல் முணுமுணுத்துக்கொண்டே இறக்கி வைத்தார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, “இதுதான் கடைசி. எறிஞ்சா எறிங்க, இல்லேன்னா நாங்க எழுந்து போறோம்”னு சொல்லிவிட்டார். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். மன்னிச்சுக்கோ, என்னால் முடியவில்லை என்கிற பார்வை. குட்டியும் என்னைப் பார்த்தார், வேண்டாம் அக்கா என்கிற பார்வை. நான் தலையை ஆட்டிவிட்டேன்.

குட்டி இவர் காதில் என்னவோ சொன்னார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காது சிவந்தது, கழுத்து சிவந்தது, குட்டியின் இரண்டு காலும் மேலே போனதை மட்டும்தான் பார்த்தேன், அடுத்து மாடியே அதிர்ந்தது பாப்பா, ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடிற்று, கீழே பஸ் ஷெட்டிலிருந்து இரண்டு டிரைவர்கள் என்ன இடிந்தது என்று ஓடி வந்தார்கள். கண்ணாடிக்காரர் மேஜையைத் தட்டி, “இது எறி!”ன்னு கத்தினார், அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எல்லாரும் கை தட்டுகிறார்கள், உன் அப்பாவுக்கு எதுவுமே காதில் விழவில்லை. மல்லாந்து கிடக்கிற குட்டி மேல் குனிந்துகொண்டு, “எந்தக் கால்? முன்னாடியா பின்னாடியா? எப்ப பார்த்தீங்க?” என்று விசாரணை நடத்துகிறார். மாஸ்டர் வந்து இடுப்பில் கறுப்பு பெல்ட்டைக் கட்டிவிடுகிறாள், இவர் அவளையும் தாண்டி எட்டிப் பார்த்து, “இடது பக்கமா?” என்கிறார்.

நேராக வீட்டுக்கு வந்து கொண்டாடுவோம் என்று பார்த்தால், அந்த வெள்ளை உடையோடும் கறுப்பு பெல்ட்டோடும் வேனை எடுத்துக்கொண்டு, மரப்பசையும் ஆணியும் எடுத்துக்கொண்டு குட்டி வீட்டுக்குப் போய்விட்டார். பீரோவுக்கடியில் படுத்து டார்ச் அடித்து நாலு காலையும் தட்டிப் பார்த்திருக்கிறார். எல்லாம் திடமாக இருக்கிறது. குட்டியின் மனைவிக்கு விஷயம் தெரியாதே, “எங்க பீரோ கால் எப்பங்க உடைஞ்சது?”ன்னு அவள் கேட்க, குட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, அக்காதான் சொல்லச் சொன்னாங்க என்று உளறிக் கொட்டிவிட்டார். ஒரு ரகசியத்தை ரொட்டிக்கடைக்காரரிடம் சொன்ன என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர் கத்துவார் என்று பயந்து அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பெல்ட்டை அவிழ்த்து நாலாக மடித்து மேஜை மேல் வைத்தார். “இது எனக்கு இல்லை”ன்னார். பரீட்சகர் எறி என்று சொல்லிவிட்டாரே, எல்லாரும் பார்த்தார்களே என்று நான் என்னென்னவோ சொன்னேன். “கோபத்துல கண்ணு தெரியாம ஒரு மனுஷனைத் தூக்கிப் போட்டிருக்கேன். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா? எறியத் தெரிஞ்சு எறியலை, பொய்யைக் கேட்டு எறிஞ்சேன்”னு சொல்லிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது பாப்பா. அவர் ஆசைப்பட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த ஒரே பொருள், அதை நான்தான் கெடுத்துவிட்டேன்.

அடுத்த வகுப்பன்று பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். நானும் கூடவே போனேன், மாஸ்டரிடம் குற்றம் என்னுடையது என்று சொல்லலாம் என்று. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், கவுன்டரில் நாம் கொடுக்கிற காகிதத்தைப் பார்ப்பாளே, அதே முகம். பிறகு, “நீங்க சந்தேகப்படறது நியாயம்தான் சார். கோபமில்லாம இப்ப ஒரு தடவை எறிங்க. முடிஞ்சா கட்டிக்கிட்டுப் போங்க, முடியலேன்னா நானே வாங்கி வச்சுக்கறேன்”னாள். சரி என்று இவர் மேட்டின் நடுவில் போய் நின்றார். யார் வருகிறீர்கள் என்று மாஸ்டர் கேட்டாள். முன்பெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தவர்கள், அன்றைக்கு ஒருத்தர் கால் கட்டை விரலைப் பார்க்கிறார், ஒருத்தர் போனைப் பார்க்கிறார். மாடி அதிர்ந்ததை எல்லாரும் கேட்டிருக்கிறார்களே. குட்டி முதுகில் சூட்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, என்னைப் பார்க்காதீர்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினார். உன் அப்பா நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நான் போய் எதிரே நின்றேன்.

“நீயா? பயமா இல்லையா?”ன்னு கேட்டார். “இருக்கு”ன்னேன். “பயமா இருந்தாலும் என்னை இறக்கி மட்டும் வச்சிராதீங்க. நான் பீரோ இல்லை. விழுந்தா நானே எழுந்துக்குவேன், அதுக்குத்தானே மெத்தையை அறைஞ்சு அறைஞ்சு பழகினேன்”னு சொன்னேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். சட்டைக் கையைப் பிடித்தார், காலரைப் பிடித்தார். வழக்கமான சவாரி என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன், மேலே போய்ப் பார்க்க அன்றைக்கு நேரமில்லை, கூரை சுற்றிற்று, படார்! என் கை தானாக மேட்டை அறைந்தது, கண்ணாடி எங்கேயோ பறந்தது. மல்லாந்து கிடந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கே புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, படுத்துக்கொண்டே சிரித்தேன்.

இதில் பெரிய விஷயம் எறிந்தது இல்லை பாப்பா, அதற்கப்புறம்தான். அவர் குனியவில்லை. கழுத்துக்கடியில் கை கொடுக்கவில்லை. கண்ணாடியைத் தேடவில்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார், அந்தக் கைகள் கால்சட்டைத் துணியைக் கசக்கிப் பிடித்திருந்தது கண்ணாடி இல்லாத எனக்கே தெரிந்தது. நான் தவழ்ந்து தவழ்ந்து போய் என் கண்ணாடியை நானே தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். ரொம்ப நேரம் ஆயிற்று, அவர் கடைசி வரைக்கும் கை நீட்டவே இல்லை. எழுந்து நின்ற பிறகு பார்த்தால் மனுஷன் கண்ணில் தண்ணீர் வழிகிறது. மாஸ்டர் பெல்ட்டை எடுத்து நீட்டி, “இப்ப கட்டிக்குங்க சார்”னாள். முடிச்சுப் போட அவருக்குக் கை வரவில்லை, நான்தான் போட்டுவிட்டேன், தப்பான முடிச்சாம், அவள் அவிழ்த்து மறுபடி போட்டாள்.

இப்போது பெல்ட் நம் வீட்டு ஹாலில் கதவுக்கு நேராக ஆணியடித்துத் தொங்குகிறது, வருகிறவர்கள் கேட்கிற வரைக்கும் அவர் அதன் பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு இடுப்பில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு பெரிய காயம், அதற்குத் தினமும் மருந்து தேய்த்துவிடுவது அவர்தான். நேற்று அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் நீ கேட்டிருந்ததை அவரிடம் கேட்டேன், நீ அடுத்த மாதம் வீடு மாறும்போது அங்கே வந்து சாமான் கட்டி ஏற்றித் தருவாரா, டிக்கெட் போடட்டுமா என்று. மருந்து டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, “வேண்டாம்னு எழுது. அவளே மாத்திக்கட்டும். உடைஞ்சா உடையட்டும்”னார். என் காதையே நான் நம்பவில்லை, திரும்பக் கேட்டேன், திரும்பவும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய், காலையில் துடைத்த வேனை மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அதனால் நீயே மாறிக்கொள் கண்ணு. கனமானதைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, தண்ணீர் நிறையக் குடி, வேலைக்கு ஆள் கூப்பிட்டால் அவர்களுக்கு முதலில் சாப்பாடு கொடு. புது வீடு உனக்கு வெளிச்சமும் காற்றுமாக அமையட்டும், நல்ல அக்கம்பக்கம் வாய்க்கட்டும், போகிற இடமெல்லாம் நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் தினசரி வேண்டுதல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாறி முடித்த அன்றைக்கே அப்பாவுக்கு நீயாகப் போன் செய்து, ஒரே ஒரு தட்டாவது உடைந்துபோயிற்று என்று சொல். எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது, ஒன்றுமே உடையவில்லை என்று சொல்லிவிட்டாயானால் தாங்க மாட்டார், தான் இல்லாமலே எல்லாம் நடந்துவிட்டதே என்று ஏங்கிப்போய்விடுவார். மறுபடியும் பொய் சொல்லச் சொல்கிறாயா அம்மா என்று கேட்காதே, நான் பட்டதே போதும். நிஜமாகவே ஒரு தட்டைப் போட்டு உடைத்துவிட்டு, பிறகு சொல்.

இடுப்பைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலமாக இருக்கும்
உன் அம்மா